கையிருப்பு எங்கே இருக்க வேண்டும்?

2022இன் டொலர் நெருக்கடிக்குப் பிறகு இலங்கைத் தொழிற்சாலைகளில் ஒரு பேச்சு ஊறிவிட்டது. லீன் முறை, கான்பான் அட்டை, தேவையான பொருள் தேவையான நேரத்துக்கு வந்தால் போதும் என்பதெல்லாம் டொலரும் கப்பலும் தட்டாமல் கிடைக்கும் நாடுகளுக்குத்தான், நமக்குச் சரிப்பட்டு வராது, கையில் காசு உள்ளபோதே வாங்கி அடுக்கிவிட வேண்டும் என்பது அந்தப் பேச்சு. முகாமையாளர்கள் சொல்கிறார்கள், களஞ்சியப் பொறுப்பாளர்கள் சொல்கிறார்கள், கணக்காளர்கள்கூட வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்கிறார்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்தானது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தொழில்கள் நல்ல இடம்.

ஏனென்றால், அடுக்க இடம் இருந்தால் தட்டுப்பாடு வராது என்பது உண்மையானால், எரிபொருளுக்கு வரிசை நின்றிருக்கவே கூடாத ஊர் இது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகச் சீனக்குடாவில் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ பத்து இலட்சம் தொன். ‘என்றைக்காவது தேவைப்படும்’ என்று கட்டப்பட்டவற்றில் இவ்வளவு பெரியது ஆசியாவிலேயே அதிகம் இல்லை. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. குதங்களில் ஒன்று எரிந்தது. அதே நாட்களில் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் பெரும் பிரிவொன்று கென்யாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. எண்ணெய் இங்கே, கப்பல் அங்கே.

எண்பது ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில், இந்தக் குதங்களைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது: 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஆறு மாதம் போகவில்லை. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. சாம்பல்தீவிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் மீனவர்கள் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். மண்ணெண்ணெயின் விலையே அந்த ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாகியது. குதத்துக்குக் குறைவில்லை. குதத்தை நிரப்பக் கப்பல் வேண்டும், கப்பலுக்கு வங்கியின் நாணயக் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு டொலர் வேண்டும். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு, 2021 இறுதியில் 3.1 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசே அறிவித்துவிட்டது. கூட்டுத்தாபனத்தின் நிலையங்கள் வறண்டு கிடந்த நாட்களில் ஐ.ஓ.சி. நிலையங்களில் ஓரளவு கிடைத்ததை ஞாபகம் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களிடம் குதம் கூடுதலாக இருந்ததால் அல்ல. இந்தியாவில் உள்ள தாய் நிறுவனத்தின் பலத்தில் கப்பலை வரவழைக்க முடிந்ததால்.

ஆகவே களஞ்சியத்தின் கொள்ளளவு வேறு, வழங்கல் வேறு. இதை முதலில் பிரித்துக்கொள்ளாவிட்டால் லீன் பற்றிய விவாதம் முழுவதும் வழி தவறிப் போகும்.

லீன் முறையின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு, அது கையிருப்பை இல்லாமல் ஆக்கச் சொல்கிறது என்பது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ செய்தது அதுவல்ல. அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டுகள் தட்டை நிரப்பும் முறையைக் கவனித்தவர் அவர். எடுத்த அளவுக்குத்தான் தட்டு மறுபடி நிரம்புகிறது. அந்த முறைதான் கான்பான் அட்டையாக உருவெடுத்தது. ஒரு பாகத்துக்கு எத்தனை அட்டை சுற்ற வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நாளாந்தத் தேவையை, சொல்லியனுப்பிப் பொருள் வந்துசேரும் நாட்களால் பெருக்க வேண்டும். அதில் ஒரு பாதுகாப்பு வீதத்தைச் சேர்த்து, ஒரு பெட்டி கொள்ளும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்தக் கணக்கில் கையிருப்பு பூச்சியம் என்று எங்கும் வராது. வந்துசேரும் காலம் இரண்டு மணித்தியாலமாக இருந்தால் அட்டை கொஞ்சம். இரண்டு மாதமாக இருந்தால் அட்டை கூட. டொயோட்டாவின் விடையைத் திருகோணமலையில் அப்படியே எழுதினால் பிழை கணக்கில் இல்லை, எழுதியவரில்.

டொயோட்டாவே இதைச் சூடுபட்டுத்தான் கற்றது. 1997 பெப்ரவரி 1ஆம் திகதி அதிகாலை, காரியாவிலிருந்த ஐசின் சேய்கி ஆலையொன்று தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கு வேண்டிய ‘பி வால்வு’ என்ற சின்னப் பாகம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஓர் ஆலையில்தான் உற்பத்தியாகி வந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கு மட்டும். ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் ஏறத்தாழ எல்லாமே நின்றன. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வரைபடங்கள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூட அந்த வால்வைக் கடைந்து கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி வெளியேறத் தொடங்கின. கையிருப்பு காப்பாற்றவில்லை. யார் எதைச் செய்யக்கூடியவர் என்ற அறிவும் பகிரத் தயங்காத பழக்கமும் காப்பாற்றின.

2011 மார்ச் பூகம்பத்தில் இன்னொரு பாடம். தனக்கு நேரடியாக வழங்குபவர்களை டொயோட்டாவுக்குத் தெரியும், அவர்களுக்கு வழங்குபவர்களைத் தெரியாது. அதற்குப் பிறகு பாகங்களின் வேர்வரை தேடிப் பட்டியலிட்டார்கள். தட்டினால் மீள நாளாகும் பொருட்களை, முக்கியமாகச் சில்லுகளை, இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்கு வழங்குநர்களே வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2021இல் உலகமே சில்லுத் தட்டுப்பாட்டில் தத்தளித்தபோது டொயோட்டா மற்றவர்களைவிடப் பல மாதம் தாக்குப்பிடித்ததற்கு இது காரணம். லீன் முறையின் தாய்வீடே ஆறு மாதம்வரை சரக்கு வைக்கச் செய்தது என்றால், அது முறையைக் கைவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்குவதை விட்டு, எது அடுக்கத் தகுந்தது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அடுக்கினார்கள். அதுதான் லீன்.

தமிழ்நாட்டில் இந்த முறை வேரூன்றியது ஆலைக்குப் பக்கத்திலேயே வழங்குநர்கள் இருந்ததால். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகன ஆலைகளுக்குப் பாகம் செய்பவர்கள் லொறியில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். (2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அருகாமையே வினையானது, ஆலையும் வழங்குநரும் ஒரே தண்ணீரில் நின்றார்கள்.) திருகோணமலைக்கு அந்த அருகாமை இல்லை. இங்கே பெரிய ஆலைகளின் மூலப்பொருள் கடலைத் தாண்டித்தான் வருகிறது.

இரண்டை எடுத்துக்கொள்வோம். 1982இல் ஆரம்பித்த டோக்கியோ சீமெந்து நிறுவனம், ஜப்பானியக் கூட்டுடன் இங்கே ஆலை அமைத்து, இறக்குமதி செய்த கிளிங்கரை அரைத்துச் சீமெந்து செய்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் செய்யும் சூளை இலங்கையில் புத்தளத்தில்தான் இருக்கிறது. 1980 முதல் இயங்கும் பிரீமா மா ஆலை கோதுமையைக் கப்பலில் இறக்கி அரைக்கிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை என்பதால் காலைப் பாணின் முதல் பயணமே கடற்பயணம். இரண்டுக்கும் குடாவுக்குள் சொந்த இறங்குதுறை உண்டு, அரைத்தது ரயிலிலும் லொறியிலும் தெற்கே போகிறது.

இப்படிப்பட்ட ஆலையில் கையிருப்பைத் தீர்மானிப்பது முகாமையாளரின் விருப்பம் அல்ல, கப்பலின் வயிறு. கணக்குக்காக ஓர் ஆலையைக் கற்பனை செய்வோம். நாளொன்றுக்கு 3,000 தொன் கிளிங்கர் அரைக்கிறது. ஒரு கப்பல் 45,000 தொன் கொண்டுவருகிறது, அதாவது 15 நாள் தேவை. ஓடர் கொடுத்துக் கப்பல் வர 30 நாள். எனவே எந்த நேரமும் இரண்டு கப்பல் சரக்கு ஓடரிலோ கடலிலோ இருந்தாக வேண்டும். கப்பல் மோசமான நேரத்தில் 10 நாள் பிந்தலாம் என்றால், முற்றத்தில் 30,000 தொன் தொடாமல் கிடக்க வேண்டும். கப்பல் பிந்தாமல் வந்த நாளில் முற்றத்தில் 75,000 தொன் குவியும்.

இதைக் குறைக்க வழி தேடும்போது முதலில் தோன்றுவது சின்னக் கப்பல். 22,500 தொன் கப்பலாக எடுத்தால் குவியல் 52,500 ஆகும், ஆனால் தொன்னுக்கான கப்பல் கூலி ஏறும், இறங்குதுறையில் இரட்டிப்பு வேலை. இன்னொரு வழி, பிந்தும் நாளைப் பத்திலிருந்து நாலாக்குவது. அப்போது தொடாமல் கிடக்க வேண்டியது 12,000 தொன்தான். பெரிய கப்பலை வைத்துக்கொண்டே குவியல் 57,000 ஆகிறது. கூலியும் ஏறவில்லை, 18,000 தொன் கிளிங்கரின் பணமும் மிச்சம். சராசரி நாள் குறையவே இல்லை, நிச்சயமின்மை மட்டும் குறைந்தது. லீன் பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் வண்ணக் கோடு போடவும் பெயர்ப் பலகை தொங்கவிடவும் செலவழிக்கும் நேரத்தில் கால்வாசியை இந்த ஒரு கணக்குக்குக் கொடுத்தால் போதும் என்று நினைப்பதுண்டு.

பிந்துவது எதனால்? கடல் ஒரு காரணம்தான். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று மழை வரும். திருகோணமலைக் குடா எந்தப் பருவத்திலும் கப்பலுக்கு அடைக்கலம் தரும், ஆனால் மழையில் சரக்கு இறக்க முடியாது. ஒரு மேகம் கறுத்தால் கப்பலின் மூடிகளை இழுத்து மூடுகிறார்கள், கிராப் தூக்கிகள் வாயை மூடித் தொங்குகின்றன, ஆட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். நனைந்த கிளிங்கர் இறுகத் தொடங்கும், நனைந்த கோதுமை பூசணம் பிடிக்கும். மழை விட்டதும் மூடி திறக்க, தளம் காய, மறுபடி தொடங்க ஒரு மணித்தியாலம் போய்விடும். ஒப்புக்கொண்ட நாளைத் தாண்டிக் கப்பல் காத்திருந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். இது ஆண்டுதோறும் வருவது. முன்கூட்டித் தெரிந்தது. ஐப்பசியில் குவியலை உயர்த்தி மாசியில் இறக்குவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

தெரியாமல் வந்தது டொலர். 2022இல் நாணயக் கடிதம் எப்போது திறபடும் என்பது கடலைவிட நிச்சயமற்றுப் போனது. சீமெந்து மூடையின் விலை சில மாதங்களில் இரட்டிப்பானதும், கட்டி முடியாத வீடுகள் கம்பி துருத்தியபடி நின்றதும் அப்போதுதான். கோதுமைக்கு உக்ரேன் போரும் சேர்ந்துகொண்டது. அந்த மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. மேலே செய்த கணக்கில் பத்து நாள் இருந்த இடத்தில் அறுபது நாள் என்று போட்டுப் பார்த்தால் விடை 1,80,000 தொன். எந்த ஆலையும் அப்படி அடுக்கி வைக்க மாட்டாது, வைத்தால் வட்டியே ஆலையை விழுங்கிவிடும். நாட்டின் ஒதுக்கு வற்றும்போது ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியாகக் கூடுதலாக வாங்க முயல்வது வற்றுவதை இன்னும் விரைவாக்கும். ‘நிறைய வாங்கி அடுக்கு’ என்ற பேச்சின் ஆபத்தான பாதி இதுதான்.

இதற்கு மாறாக, இறக்குமதிச் சங்கிலியில் ஒரு கண்ணியையே அறுத்துவிட்ட உதாரணமும் இதே குடாவில் உண்டு. சீமெந்து ஆலையின் உயிர்த்திணிவு மின்நிலையம் உமியையும் கிளிரிசிடியா விறகையும் எரித்து மின்சாரம் எடுக்கிறது. விறகு கிராமத்திலிருந்து வருகிறது, விலை ரூபாயில். அதற்கும் தன் பிரச்சினைகள் உண்டு: ஈர விறகு, அறுவடைக்கு அறுவடை ஏறி இறங்கும் உமி. ஆனால் அவை லொறியும் தராசும் கொண்டு தீர்க்கக்கூடியவை.

மூலப்பொருளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஆலைகள் நிற்பது பெரும்பாலும் கிளிங்கரோ கோதுமையோ இல்லாமல் அல்ல. கப்பல் பிந்தினால் கொழும்புத் தலைமையகத்துக்கே தெரியும், பத்துப் பேர் தொலைபேசியில் நிற்பார்கள். ஒரு பெல்ட் இல்லை என்பது ஃபிட்டருக்கும் களஞ்சியக்காரருக்கும் மட்டுமே தெரியும். எந்த ஊர்ப் பட்டறைக் களஞ்சியத்திலும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

“அண்ணை, பி-68 பெல்ட் ஒண்டு தாங்கோ.”

“முடிஞ்சுது தம்பி. போன கிழமைதான் கடைசியை எடுத்தவங்கள்.”

“அட்டையில நாலு எண்டு கிடக்கு?”

“அட்டையில கிடக்கும்.”

அந்த அட்டையைப் பாருங்கள். திகதி, வந்தது, போனது, மீதி என்று நாலு நிரல். மேலே மூலையில் ‘குறைந்த அளவு’ என்று ஒரு கட்டம், அநேகமாக வெறுமையாக. இரவு முறையில் எடுத்த இரண்டு பெல்ட் ஒரு துண்டில் எழுதப்பட்டு, துண்டு லாச்சிக்குள் கிடக்கும். இன்னொன்று வேறு இயந்திரத்துக்குப் போயிருக்கும். கணினி வந்த இடங்களிலும் கதை இதுதான், அட்டைக்குப் பதிலாகத் திரை பொய் சொல்லும். இங்கே கான்பானின் மிக மலிவான வடிவம், இரண்டு பெட்டி முறை, உண்மையாகவே வேலை செய்யும். ஒரே பாகத்தை இரண்டு பெட்டியில் வைப்பது, முன்பெட்டி வெறுமையானதும் அந்தப் பெட்டியையே ஓடர் மேசையில் வைப்பது, புதியது வரும்வரை பின்பெட்டியில் எடுப்பது. எழுதத் தேவையில்லை, எண்ணத் தேவையில்லை. ஆணி, சீல், பெல்ட், ஃபியூஸ், கிறீஸ் போன்ற உள்ளூரில் வாங்கக்கூடியவற்றுக்கு இதைவிட வேறெதுவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய, விலைகூடிய, எப்போதாவது மட்டும் உடையும் பாகங்கள் வேறு சாதி. கியர்பொக்ஸ் பெயரிங் ஒன்றை எடுப்போம். சராசரி இரண்டு ஆண்டுக்கு ஒன்று உடைகிறது, ஓடர் போட்டால் வர நாலு மாதம். களஞ்சியத்தில் ஒன்று வைத்திருக்கிறீர்கள். உடைந்ததும் அதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குச் சொல்லியனுப்புகிறீர்கள். அது வருமுன் மறுபடி உடைந்து கைவிரிக்க வேண்டிவரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. டொலர் இல்லாத காலத்தில் நாலு மாதம் எட்டானால் இருபத்தெட்டு. சரி, இரண்டு வைப்போமா? ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வைத்தால் களஞ்சியம் நிறைந்து வங்கிக் கணக்கு வெறுமையாகும்.

அதே பெயரிங்கை அக்கம்பக்கத்தில் மூன்று ஆலைகள் பாவிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே ஒவ்வொன்று வைத்தால் மொத்தம் மூன்று பெயரிங், ஒவ்வொருவருக்கும் பதினைந்து வீத ஆபத்து. மூவருக்கும் பொதுவாக இரண்டே வைத்து, எடுத்த உடனே மறு ஓடர் போட்டால் ஆபத்து ஒன்பது வீதம். ஒன்று குறைவாக வாங்கி, பாதுகாப்பு கூடுகிறது. மூவருக்கும் ஒரே நேரத்தில் உடைவது அரிது என்பதைத் தவிர இதில் மாயம் எதுவும் இல்லை. நான் அறிந்தவரை லீன் முறையும் தட்டுப்பாட்டுப் பயமும் சண்டையில்லாமல் சந்திக்கும் இடம் இதுதான், நமது நிறுவனங்கள் மிகக் குறைவாக எட்டிப்பார்த்திருப்பதும் இதைத்தான்.

இத்தனைக்கும் லீன் நமக்குப் புதிதல்ல. இலங்கை ஆடைத்தொழில் லீன் முறையில் நாட்டின் மற்ற எல்லாத் துறைகளையும்விட முன்னே போய்விட்டது, எம்.ஏ.எஸ். போன்ற நிறுவனங்கள் தமக்கென ஒரு முறையையே வகுத்துக்கொண்டன. துணி பெரும்பாலும் இறக்குமதிதான் என்றாலும் வாங்குபவர் டொலரில் கொடுப்பதால் அவர்களுடைய கணக்கு வேறு, இங்கே அதை விரிக்க வேண்டியதில்லை. வேலையிடத்தை ஒழுங்குபடுத்தும் 5எஸ் முறையும் நாட்டில் நன்றாகப் பரவியது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் தொடங்கியதை வெளிநாட்டவர் வந்து பார்த்துப் போனார்கள். அலமாரியை ஒழுங்குபடுத்த நாம் கற்றுவிட்டோம். அலமாரிக்கு அடுத்தது எப்போது வரும் என்பதைக் கற்பதுதான் மிச்சம்.

சீனக்குடாப் பக்கம் ஒரு பொது உதிரிப்பாகக் களஞ்சியம் என்றால் தடைகள் உடனே வரிசை கட்டும். முதலீட்டுச் சபையின் கீழ் தீர்வையின்றி வந்த பாகத்தைச் சபைக்கு வெளியே உள்ள ஆலைக்குக் கைமாற்ற அனுமதி வேண்டும், சுங்கம் கேள்வி கேட்கும். இரவு இரண்டு மணிக்கு உடைந்தால் சாவி யாரிடம்? எடுத்தவர் மறு ஓடர் போடாவிட்டால்? தன் ஆலையில் எது உடைகிறது என்பதைப் போட்டியாளருக்கு யார் காட்டுவார்? கடைசிக் கேள்விதான் பெரியது, மற்றவை கடதாசி வேலை. கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு ஆலையும் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய பாகங்களின் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதட்டும். எத்தனை இருக்கிறது என்றோ எத்தனை முறை உடைந்தது என்றோ எழுத வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற நடுநிலையான ஓரிடம் அந்தத் தாள்களைச் சேர்த்து, எந்த எண் இரண்டு தாளில் வருகிறது என்று பார்த்துச் சொல்லலாம். ஒரு மாணவருக்கு ஒரு பருவ வேலை. பொதுவானவை பத்து வந்தாலும் பேசத் தொடங்கலாம், ஒன்றும் வராவிட்டால் இந்த யோசனையை மடித்து வைத்துவிட்டு அவரவர் வழியில் இரண்டு பெட்டி வாங்கலாம்.